உங்கள் கம்பெனியில் உங்கள் ஊர் அறப்பணிக்காகப் பேசுவது எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தொழிலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

அஞ்செட்டிப் பக்கம் ஒரு மாலைநேர வகுப்பு நடக்கிறது, அதற்குக் கூரை ஒழுகுகிறது என்பது ஓசூர் சிப்காட்டில் லைனில் நிற்கும் ஒரு தொழிலாளிக்குத் தெரியும். அவர் வேலை செய்யும் கம்பெனியின் சி.எஸ்.ஆர் பணத்தை, அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனி ஒதுக்கும் பணத்தை, எங்கே கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். அவருக்கு அஞ்செட்டி எந்தத் திசை என்றே தெரியாது. தெரிந்தவர் கையில் பணமில்லை, பணம் உள்ளவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர் வாயைத் திறந்தால்தான் காரியம் நடக்கும்.

இதற்கு நீங்கள் மேனேஜராக இருக்க வேண்டியதில்லை. பெர்மனென்ட் ஆளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பர்கூர் கிரானைட் பட்டறையில் இருந்தாலும், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் சீசனுக்கு மட்டும் வேலை பார்த்தாலும், தருமபுரி பஸ் டிப்போவில் இருந்தாலும் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்கள் அந்த அமைப்பைப் பார்த்ததில்லை, உங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். உங்கள் முகத்துக்காகத்தான் பணம் தருவார்கள். அதனால் கேட்பதற்கு முந்திய வேலைதான் பெரிய வேலை.

முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று போதும். ஒரே நேரத்தில் மூன்று அமைப்புகளுக்காகப் பேசுகிறவரை எச்.ஆர் (மனிதவளப் பிரிவு) நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருந்தால் நல்லது.

நம் இரண்டு மாவட்டங்களிலும் தேர்ந்தெடுக்கப் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், மலைக்கிராமப் பிள்ளைகளுக்கான வகுப்பு, ஏரி தூர்வாரும் இளைஞர்கள், பக்கத்து அரசுப் பள்ளி என்று எதுவாகவும் இருக்கலாம். பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அரூர்ப் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் உள்ள சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் ஒரு கூரைக் கொட்டகையில்தான் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். பின்னால் அங்கே இயற்கை விவசாயச் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் குழுவும் வளர்ந்தன. தொடக்கத்தில் அதைப் போய்ப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது ஒரு கொட்டகை மட்டும்தான்.

போய்ப் பார்க்கும்போது விழா நாளில் போகாதீர்கள். ஒரு செவ்வாயோ புதனோ, வார ஓய்வு கிடைக்கும் நாளில், வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சமையலறையைப் பாருங்கள். வேலை செய்கிறவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் ஏதோ சரியில்லை என்று நான் நினைப்பேன். ஒருமுறை போனது போதாது, இன்னொரு முறையும் போங்கள்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அந்த அமைப்பிடமே, 'உங்களுக்காக எங்கள் கம்பெனியில் பேசலாமா, உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அரிசி மூட்டையும் பிறந்தநாள் கேக்கும்தான் தோன்றும். இல்லம் நடத்துகிறவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு போட மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள், கரண்ட் பில் கட்ட யாரும் வரமாட்டார்கள். ஆயா சம்பளம், டயப்பர், கழிவறைக் கதவு, ஆட்டோ வாடகை என்று அவர் சொல்லும் பட்டியலில் பளபளப்பான பொருள் எதுவும் இருக்காது. அந்தப் பட்டியலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

காகிதங்களைப் பாருங்கள்

இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஃபைலை எடுத்து முன்னால் வைப்பார்கள்.

முதலில் பதிவு. சங்கமாக இருந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் இருக்கும். அப்புறம் அமைப்பின் பெயரிலேயே பான் அட்டை, அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) பதிவுகளுக்குக் காலவரம்பு உண்டு, எந்த ஆண்டு வரை செல்லும் என்று பாருங்கள். கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் கேளுங்கள். அதில் உங்களுக்குப் புரிவது கொஞ்சம்தான் என்றாலும், சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, பிள்ளைகளுக்கான செலவு எவ்வளவு என்பது புரியும்.

குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் இன்னொரு காகிதம் கட்டாயம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அப்படிப்பட்ட இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். 'அப்ளை பண்ணியிருக்கிறோம் தம்பி, வந்துவிடும்' என்றால், வரட்டும், பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஏதாவது தீங்கு நடப்பதாகத் தோன்றினால் நன்கொடைப் பேச்சை விட்டுவிட்டுக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.

பதிவே இல்லாத நல்ல முயற்சிகளும் உண்டு. ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஏரியில் சீமைக்கருவேலம் வெட்டுகிறார்கள், படித்த பெண் ஒருவர் திண்ணையில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறார். இவர்களுக்குக் கம்பெனிப் பணம் கேட்டு அலைய வேண்டாம், கிடைக்காது. கைவேலையாகவோ பொருளாகவோ உதவுங்கள். அரசு வழியாகப் போகவும் வழி உண்டு. அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் குறிப்பிட்ட பள்ளியின் பெயரைச் சொல்லியே நன்கொடை கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஊர்ப் பொதுவேலை என்றால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஊராட்சியில் விசாரிக்கலாம்.

பணம் எந்தப் பையிலிருந்து வரும்?

சி.எஸ்.ஆர் என்று எல்லோரும் சொல்கிறோம், எல்லாக் கம்பெனிக்கும் அது கிடையாது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சொல்வது இது: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடைசி மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதே பிரிவில், கம்பெனி இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் இருக்கிறது. கடிதம் எழுதும்போது உங்களுக்குக் கைகொடுக்கும் வரி அதுதான். கல்வி, மருத்துவம், குடிநீர், முதியோர் இல்லம், ஆதரவற்றோர் இல்லம், சுற்றுச்சூழல், விலங்கு நலம், விளையாட்டுப் பயிற்சி எல்லாம் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வரும். கம்பெனித் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் வேலை வராது. அதனால் 'நம்ம குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு' என்று ஆரம்பிக்காதீர்கள்.

கம்பெனி இந்தப் பணத்தை வெளி அமைப்பு மூலம் செலவிட்டால், அந்த அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். கேட்கும் வேலையைப் போன்ற வேலைகளில் அமைப்புக்கு மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். சின்ன அமைப்புகள் இந்த எண் இல்லாமல்தான் சிக்கிக்கொள்ளும். அமைப்பின் ஆடிட்டரிடம் சொன்னால் ஆன்லைனில் செய்து தருவார். நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவியே இந்த எண்ணை வாங்க வைப்பதாக இருக்கலாம்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பட்ஜெட் போட்டு முடித்த பிறகு போனால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் கடிதம் மேசைக்குப் போய்விட வேண்டும்.

ஓசூரில் பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் பல இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. முதலாளியே தினமும் ஷெட்டுக்குள் நடப்பார், நேரில் கேட்கலாம். படிவம் கிடையாது, கமிட்டி கிடையாது. பணம் தராவிட்டாலும் பழைய மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், ஒரு நாள் வேன் கிடைக்கும். யூனியனும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கும் இடத்தில் அங்கேயும் கேளுங்கள்.

கடிதம்

ஒரே பக்கம். நம் பக்கம் யார் மைக்கைப் பிடித்தாலும் அதியமானையும் நெல்லிக்கனியையும் இழுக்காமல் விடமாட்டார்கள். கடிதத்தில் அது வேண்டாம். இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் ______ பிரிவில் ___ ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நம் ஆலையிலிருந்து ___ கிலோமீட்டரில் ______ என்ற ஊரில் ______ என்ற பதிவுபெற்ற சங்கம் ___ பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்துகிறது. நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதால் வகுப்பு நின்றுவிடுகிறது. தகடு மாற்ற ______ ரூபாய் ஆகும். இரண்டு கொட்டேஷன் இணைத்துள்ளேன். சங்கத்தின் பதிவுச் சான்று, பான், 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 எண், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆகியவற்றின் நகல்களும் உள்ளன. இந்தச் சங்கத்தில் நானோ என் குடும்பத்தாரோ எந்தப் பொறுப்பிலும் இல்லை. தாங்களோ தங்கள் பிரதிநிதியோ ஒரு நாள் வந்து பார்க்க ஏற்பாடு செய்கிறேன்.'

கடைசியில் உள்ள 'பொறுப்பில் இல்லை' வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் அண்ணனே செயலாளர் என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள். பின்னால் வேறு யாராவது போய்ச் சொன்னால் உங்கள் பேச்சு எடுபடாது. தலைமையகத்துக்குப் போகும் கடிதம் என்றால் ஆங்கிலப் பிரதியும் வேண்டும். ட்ரெயினி இன்ஜினியர் ஒருவரிடம் கேட்டால் எழுதித் தருவார், அவருக்கும் இதில் ஆர்வம் வந்துவிடும்.

முதலில் உங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எச்.ஆரிடம் போங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் போகாதீர்கள். 'எவ்வளவு ஆகும்?', 'வேறு யார் கொடுக்கிறார்கள்?', 'அடுத்த வருஷமும் கேட்பீங்களா?' இந்த மூன்றும் கட்டாயம் வரும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து, 'சார், அந்தக் கடிதம் எதுவரைக்கும் வந்திருக்கு?' என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். காகிதம் போதவில்லை என்பதற்கும் விருப்பமில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

உடன் வேலை செய்கிறவர்களிடம் வசூல்

நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஆலைக்குள் வசூல் வேண்டாம். அனுமதி கிடைத்தால் சம்பளம் வந்த வாரத்தில் தொடங்குங்கள். தீபாவளி போனஸ் சமயம் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும், ஆனால் செலவும் அப்போதுதான் இருக்கும். உங்கள் ஜிபே எண்ணைப் போட்டு வசூலிக்காதீர்கள். அமைப்பின் வங்கிக் கணக்குக்கான க்யூஆர் அட்டையைக் கேன்டீனில் ஒட்டுங்கள். ரொக்கம் தருகிறவர்களுக்கு அமைப்பின் ரசீதை அன்றே கொடுங்கள்.

யார் வசூல் செய்வது என்பதில் ஜாக்கிரதையாக இருங்கள். சூப்பர்வைசர் நோட்டோடு வந்து நின்றால் கீழே உள்ளவர் எப்படி இல்லை என்பார்? கான்ட்ராக்ட் ஆட்களிடமும் அப்ரென்டிஸ் பிள்ளைகளிடமும் நேரில் போய்க் கேட்கவே வேண்டாம், அட்டையைப் பார்த்துத் தருகிறவர்கள் தரட்டும். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் ஏற்பாடு என்றால் ஒவ்வொருவரும் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமையும் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மொய் வாசிப்பதுபோல் பெயரையும் தொகையையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவர் அடுத்த முறை ஒதுங்கிப்போவார். மொத்தத் தொகையை மட்டும் போடுங்கள்.

ஓசூர் லைனில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். நோட்டீசில் இரண்டு வரியை அவர்கள் மொழியிலும் எழுத வையுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் எதற்கு இந்த ஊருக்குத் தரப்போகிறார் என்று நாமாக முடிவு செய்ய வேண்டியதில்லை.

வரிச்சலுகை பற்றி யாராவது கேட்பார்கள். 80ஜி பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தால் பழைய வரிமுறையில் இருப்பவருக்குக் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது. இதை ஆசை காட்டிப் பேச வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் கையில் உள்ள தொழில்

இதைப் பணத்துக்கு மேலே வைப்பேன். ஐ.டி.ஐ முடித்த ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு இல்லத்துக்குப் போனால் மோட்டார் ஓடும், வயரிங் சரியாகும், ஜன்னலுக்குக் கம்பி வரும். வெளியாளை வைத்தால் பல ஆயிரம் ஆகும் வேலை.

குறிப்பாக நம் மாவட்டங்களில் தண்ணீர். இங்கே பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு மூட்டிலும் முதுகிலும் விறைப்பு என்று இதை நேரில் பார்த்தே வளர்ந்திருப்போம். ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே இதற்காகத்தான். ஆனாலும் ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் இல்லங்களும் பள்ளிகளும் போரைத்தான் திறக்கும். அங்கே யாரோ ஒருவர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ மெஷின் வாங்கிக் கொடுத்து, கல்வெட்டில் பெயரும் போட்டிருப்பார். ஃபில்டரும் மெம்பரேனும் மாற்ற ஆளில்லாமல் அது மூலையில் கிடக்கும். புது மெஷின் வாங்க வசூல் செய்வதற்கு முன்னால் பழையதைத் திறந்து பாருங்கள். தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளூரைடு இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது என்பதைச் சமையல் செய்யும் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். வருடத்துக்கு ஒரு மெம்பரேன், ஃபில்டர் செட்டுகள், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒரு ஆள். இந்தச் செலவைக் கேட்டால் எச்.ஆருக்கு உடனே புரியும், ஆலையில் பராமரிப்புச் செலவைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே.

ரத்த தான முகாம் நடத்துவது இன்னும் எளிது. கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ரத்த மையத்தை அணுகினால் போதும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தரலாம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவரைப் படுக்க வைக்காதீர்கள். முகாம் நாளை முடிவு செய்யும்போதே ஷிப்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ

கம்பெனி போட்டோ கேட்கும். இல்லத்துப் பிள்ளைகளின் முகம் தெரியும்படி எடுத்துப் போடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், நம் பிள்ளை தட்டை நீட்டுகிற படத்தை நாலு பேர் பார்க்க நாம் விடுவோமா? மாற்றிய கூரை, ஓடும் மோட்டார், வாங்கிய பொருளின் பில், வேலை செய்த தொழிலாளர்கள் என்று எடுங்கள். அது போதும் என்று மேலிடத்தில் சொல்ல வேண்டியதும் உங்கள் பொறுப்பே.

கணக்கு

வேலை முடிந்த மாதமே ஒரு பக்கக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்: எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, மீதி எவ்வளவு, பில் யாரிடம் இருக்கிறது. சொன்னதைவிடக் குறைவாக வேலை நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். 'கூரை முடிந்தது, கதவுக்குப் பணம் போதவில்லை' என்று ஒட்டியிருந்தால் படிப்பவர்களில் ஒருவர், 'அண்ணே, கதவை நான் பார்த்துக்கிறேன்' என்று வருவதற்கு வாய்ப்புண்டு. 80ஜி கழிவு கேட்கிறவர்களுக்கு அமைப்பு 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அது வந்ததா என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை அந்த இடத்துக்குப் போங்கள், இம்முறை லைனிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. அவர்களில் ஒருவரிடம் ஃபைலின் நகலைக் கொடுத்து வையுங்கள்: பதிவுச் சான்றுகள், கடிதம், கொட்டேஷன், பில், கணக்கு, அமைப்பின் பொறுப்பாளர் எண், எச்.ஆரில் யாரிடம் பேசினீர்கள் என்ற விவரம். உங்களுக்கு வேறு யூனிட்டுக்கு மாற்றல் வரலாம், கான்ட்ராக்ட் முடியலாம். அடுத்த ஜனவரியில் கடிதம் எழுத அந்த ஃபைல் யாரிடமாவது இருக்க வேண்டும்.